கழிவு

இருட்டில் அடிக்கும் தொலைபேசியில்
யாரும் வணக்கம் சொல்வதில்லை.
"வண்டி இருக்கா?"
இருபத்தாறு வருடமாக
சிலிம் ரிவரில் அதுதான் என் பெயர்.

வண்டி இருக்கிறது.
பின்னிருக்கை கழற்றிய வெள்ளை வேன்.
ஐஸ் பெட்டி இரண்டு. நாற்காலி அறுபது.
பறைக்கு பீடோர் பையன்கள் நாலு பேர்,
குடித்துவிட்டு வந்தால் பாதிக் கூலி.

ஆளைப் பார்த்ததும் அளவு வந்துவிடும்.
கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது
மேனேஜர் ஆறடி இரண்டங்குலம்.
அவருக்கெல்லாம் பெட்டி
ஈப்போவிலிருந்துதான் வரவேண்டும்.
கடன் கிடைக்கவில்லை.

தனபாக்கியம் போனது
பிணவாடை தாங்காமல் என்று பேசிக்கொண்டார்கள்.
வாடை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.
பதினொரு தீபாவளியில் ஏழுக்கு
இலை போட்டபின் எழுந்து போயிருக்கிறேன்.
"செத்தவங்க காத்திருப்பாங்க" என்பாள்,
"ஐஸ்லதானே இருக்காங்க."

சாவு வீட்டில்
போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது.
அந்தப் பழக்கம்
எப்போது என் வீட்டுக்குள் வந்தது தெரியவில்லை.
சொல்லாமல் போவேன், சொல்லாமல் வருவேன்.
ஒருநாள் அவளும் சொல்லவில்லை.
பையனுக்கு அப்போது ஆறு வயது.

போன திங்கள், நாலேகால்.
"வண்டி இருக்கா?"
என் பெயர் தெரிந்தவள்.

மருதை. செம்பனை லோரி ஓட்டியவன்.
ஆலை ரோட்டில் எத்தனையோ வளைவு,
ஒன்றும் அவனை எதுவும் செய்யவில்லை.
வேலைக்குக் கிளம்பக் குளிக்கப் போனவன்
குளியலறையிலேயே,
கையில் சவர்க்காரத்தோடு.

பெர்மிட் எடுக்க போலீஸ் நிலையம் போனேன்.
கார்ப்பரல் கொட்டாவி விட்டபடி
"இறந்தவருக்கு என்ன உறவு?" என்றார்.
அந்தக் கட்டத்தில்
ஈமச்சேவை என்று எழுதினேன்.
இதுவரை நின்று யோசித்ததில்லை அந்தக் கட்டத்தில்.

ஐந்தே முக்கால் அடி. என்னைவிட மூன்றங்குலம்.
கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன்.
தாடை கட்டினேன். முகம் மழித்தேன்.
வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
அவள் வாய் திறக்காமல் வந்து
தன் சீப்பாலேயே சீவிவிட்டாள், இடப்பக்கமாக.
என் தலையைச் சீவியதில்லை என்று சொன்னால் பொய்.
எப்போது என்று ஞாபகமில்லை, அவ்வளவுதான்.

மொட்டை போட்டுக்கொண்டு நின்றவன் என் பிள்ளை.
சர்வேசன். பதினெட்டு.
தலைக்குப் பின்னால் எனக்கிருக்கும் அதே பள்ளம்
வெயிலில் இப்போது ஊருக்கே தெரிந்தது.
குடத்தை அவன் தோளில் ஏற்றினேன்.
இந்தப் பக்கம் சுற்று, தம்பி.
இன்னொன்று. இன்னொன்று.
எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதைச் சொன்னேன்:
கொள்ளியைப் பின்பக்கமாக வை,
திரும்பிப் பார்க்காமல் போ.
அவன் அப்படியே செய்தான்.
தோட்டத்துச் சுடுகாட்டில்
மூன்று பக்கமும் செம்பனை. நாலாவது பக்கம் கேட்,
அதற்குக் கம்பெனிப் பூட்டு.
சாவி வாங்க ஒரு கடிதம். அதையும் நான்தான் எழுதினேன்.

நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
கழிவு உண்டா என்று எல்லாரும் கேட்பார்கள்,
தொண்ணூறு வயதுச் சாவிலும் கேட்பார்கள்.
அவள் கேட்கவில்லை.
ஐம்பது ஐம்பதாக எண்ணி வைத்தாள்.
ரசீதில் கழிவுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.
முந்நூறு என்று எழுதினேன்.
"அடிச்சிடுங்க" என்றாள்.
அடித்தேன்.

கூடாரம் இறக்கியாயிற்று.
நாற்காலி எண்ணினால் ஐம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், ஐம்பத்தொன்பது.
வீட்டுப் பின்பக்கம்
துணிக்கொடிக்குக் கீழே அறுபதாவது.
அதில் சர்வேசன்.
எழுந்து மடக்கிக் கையில் கொடுத்தான்.
"பசியாறிட்டீங்களா?" என்றான்,
அப்பா என்றோ அண்ணே என்றோ
முன்னால் எதையும் வைக்காமல்.

இன்னும் இல்லை, என்றேன்.